தொடங்குபவருக்கு ஒரு லேசான மர வில்: குமரி மாவட்டத்தில் செய்து பார்க்க நினைப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

வில்வித்தை பழக ஆசை, ஆனால் கடை வில் வாங்கக் கையைக் கடிக்கிறது என்பவர்கள்தான் பெரும்பாலும் என்னிடம் வருகிறார்கள். சிலர் பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கேட்கிறார்கள், சிலர் தங்களுக்காக. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். படித்துவிட்டு ஒரு மூங்கில் பிளாச்சைக் கையில் எடுக்கலாம்.

அண்ணே, எனக்கு உடம்பில் பலம் உண்டு. 40 பவுண்டில் வில் செய்தால் என்ன?

செய்யாதீர்கள். இந்தப் பதிலில் நான் கொஞ்சமும் இறங்கி வருவதில்லை. பவுண்ட் என்பது வில்லை முழுதாக இழுக்கத் தேவைப்படும் விசை, அதைத்தான் வில்லின் எடை என்கிறோம்.

வில்லை இழுப்பது ஒரு வேலை. முழுதாக இழுத்து, முகத்தில் ஓர் இடத்தில் கையை ஊன்றி, மூன்று நான்கு நொடி அசையாமல் நின்று, பிறகு விடுவது வேறு வேலை. இரண்டாவதைத்தான் கற்க வேண்டும். அதற்கு உழைக்கும் தசைகள் தோள்பட்டைக்குப் பின்னால் முதுகில் இருக்கின்றன. மூட்டை தூக்குகிறவருக்கும் மரம் ஏறுகிறவருக்கும்கூட அந்தத் தசைகள் இந்த அசைவுக்குப் பழகியிருக்காது. கனமான வில்லைக் கொடுத்தால் தோள் மேலே ஏறும், முழங்கை கீழே இறங்கும், குறிக்கு வருவதற்குள் விரல் தானாக விட்டுவிடும். இப்படி ஒரு மாதம் எய்தால் அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிவிடும். அதை மாற்றப் பல மாதங்கள் ஆகும்.

வளர்ந்தவர்களுக்கு 20 பவுண்ட், அதிகம் போனால் 25. அதாவது முழு இழுப்பில் 9 முதல் 11 கிலோ. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு 15 பவுண்ட், பத்து வயதுக்காரருக்கு 10 அல்லது 12. லேசான வில்லில் ஒரே மாலையில் ஐம்பது அறுபது அம்பு எய்ய முடியும். எண்ணிக்கை கூடினால்தான் கை படியும்.

மரத்தின் பக்கமிருந்தும் ஒரு காரணம் உண்டு. லேசான வில் மெல்லியதாக இருக்கும். மெல்லியதை வளைக்கும்போது அதன் மேற்பரப்பு குறைவாகவே இழுபடும், அதனால் உடையும் வாய்ப்பும் குறைவு. முதல்முறை செய்கிறவரின் கைப்பிசகுகளை 20 பவுண்ட் வில் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். 45 பவுண்ட் வில் தாங்காது.

வீட்டில் செய்த மூங்கில் வில்லில் உண்மையாகவே ஒழுங்காகப் பழக முடியுமா? விளையாட்டுச் சாமான் இல்லையா?

ஜார்க்கண்டின் தீபிகா குமாரி சிறுமியாக இருந்தபோது வீட்டில் செய்த மூங்கில் வில்லாலும் அம்பாலும்தான் பழகினார். 1988, 1992, 1996 என மூன்று ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடிய ராஜஸ்தானின் லிம்பா ராமும் மூங்கில் வில்லோடு வளர்ந்தவர். நம் நாட்டுப் போட்டிகளில் ‘இந்தியன் ரவுண்ட்’ என்ற பிரிவே மூங்கில் வில்லுக்காக இருக்கிறது. வயநாட்டுக் குறிச்சியர்கள் தலைமுறை தலைமுறையாக வில்லாளிகள். பழசி ராஜாவோடு சேர்ந்து கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்ததும் வில்லோடுதான்.

நம் பக்கத்துக்கும் இதில் உறவு இருக்கிறது. சேரர்களின் சின்னமே வில். வில்லுப்பாட்டு ஊறிய மண் இது.

அந்த வில்லுப்பாட்டு வில்லையே எய்யப் பயன்படுத்தலாமா? எங்கள் வீட்டுப் பரணில் பழையது ஒன்று கிடக்கிறது.

தயவுசெய்து வேண்டாம். அது குடத்தின் மேல் கிடந்து, வீசுகோலின் அடிக்கு நாணும் மணியும் ஒலிப்பதற்காகச் செய்தது. எய்கிற வில் ஒவ்வொரு அம்புக்கும் வளைந்து விரிய வேண்டும். இசை வில் எப்போதும் ஒரே வளைவில் விறைப்பாக நிற்க வேண்டும். இழுத்தால் உடையும், உடைந்தால் ஒரு நல்ல கருவி போய்விடும். ஊரில் கொடை நடத்தும் வில்லிசைக் குழுவிடம் அதைக் கொடுங்கள், மகிழ்ந்து வாங்கிக்கொள்வார்கள்.

எந்த மரம்?

முதலில் மூங்கில். அடுத்தது கமுகு. புதிதாகத் தொடங்குகிறவருக்கு மூன்றாவதை நான் சொல்வதில்லை, ஆனாலும் கேட்கிறவர்கள் உண்டு என்பதால் சொல்லிவிடுகிறேன்.

வில்லுக்கு இரண்டு முகம். குறியைப் பார்க்கும் பக்கத்தை முதுகு என்றும், எய்கிறவரைப் பார்க்கும் பக்கத்தை வயிறு என்றும் சொல்கிறோம். இழுக்கும்போது முதுகு நீட்டப்படுகிறது, வயிறு நசுக்கப்படுகிறது. முதுகில் நார்கள் அறுபடாமல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓட வேண்டும். பலகையில் அந்த நார் ஓட்டத்தைப் பார்த்தெடுக்கப் பழகிய கண் வேண்டும். மூங்கிலில் அந்த வேலையை இயற்கையே முடித்து வைத்திருக்கிறது. தோலை ஒட்டிய பகுதியில்தான் நார் நெருக்கமாகவும் பலமாகவும் இருக்கும். தோலைத் தொடாமல் உள்பக்கத்தை மட்டும் சீவினால் முதுகு தயார்.

கமுகும் அப்படித்தான், வெளிச்சுற்றுதான் வைரம், உள்ளே சோறு. அடிமரத்தின் வெளிப்பகுதி இன்னும் கெட்டி. காய்ப்பு நின்ற முதிர்ந்த மரத்தின் அடிப்பாகத்தைப் பிளந்த வாரி கிடைத்தால் நல்ல வில் வரும். ஒரு தொல்லை, அதன் கறுப்பு நார்கள் சிலாம்பாக எழும்பிக் கையில் ஏறும். முதுகில் கோராத் துணி ஒன்றை ஃபெவிகாலில் ஒட்டிவிட்டால் அந்தத் தொல்லை பெருமளவு தீரும், முதுகுக்கும் பாதுகாப்பு.

பனை வைரம் அருமையான பொருள், ஆனால் கனம், உளியின் கூரைத் தின்றுவிடும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. அதனால் நிற்கிற பனையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பழைய ஓட்டு வீடு இடிக்கிற இடத்தில் பனங்கை கிடந்தால் வாங்கி வையுங்கள், இரண்டாவது வில்லுக்கு ஆகும்.

ரப்பர் மரம் குலசேகரம், அருமனைப் பக்கம் கண் காணும் தூரமெல்லாம் இருக்கிறது, அதனால் கேட்கிறார்கள். அதில் மாவுச்சத்து அதிகம், வண்டு சீக்கிரம் துளைத்துவிடும். வேண்டாம். சவுக்கு காயும்போது வெடிக்கும், முறுக்கிக்கொள்ளும். அயனி கதவுக்கும் வள்ளத்துக்கும் பேர்போன மரம், ஆனால் நார் ஓட்டம் தெரிந்த ஆசாரி பக்கத்தில் இருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

சரணாலயக் காட்டுக்குள் போய் எதையும் வெட்டக் கூடாது. ஒரு கம்புகூட.

நல்ல மூங்கிலை எப்படிப் பார்த்து எடுப்பது?

வயதுதான் முக்கியம். மூன்று நான்கு வருடம் நின்ற கம்பு வேண்டும். அந்த வருடம் முளைத்தது பளபளவென்று பச்சையாக, கணுவைச் சுற்றி வெள்ளைப் பொடியோடும் பாளை ஒட்டிக்கொண்டும் இருக்கும். அது வளையும், ஆனால் திரும்பாது. முதிர்ந்தது நிறம் மங்கி, மேலே சாம்பல் நிறப் பாசிப் புள்ளிகளோடு நிற்கும். வெட்டுக்கத்தியின் பின்புறத்தால் தட்டினால் கணீர் என்று கேட்கும். பிஞ்சு மொத்தென்று கேட்கும்.

சுற்று பெரிதாக இருக்க வேண்டும், குறுக்களவு 10 செ.மீ. இருந்தால் நல்லது. சிறிய கம்பைப் பிளந்தால் பிளாச்சின் முதுகு கூனலாக இருக்கும், இழுவிசை முழுக்க அந்தக் கூனல் உச்சியில் விழும். பெரிய கம்பில் முதுகு கிட்டத்தட்டத் தட்டையாக வரும். சுவர்த் தடிமன் 12 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

விளையில் மூங்கில் நிற்கிறவர்களுக்குக் கவலை இல்லை. மற்றவர்கள் பந்தல்காரர்களிடமும் ஏணி விற்கும் மூங்கில் கடைகளிலும் கேட்கலாம். கடையில் வாங்கும்போது வெடிப்பு, வண்டு துளைத்த பொட்டு, கயிறு கட்டிய வெட்டுத் தடம் இந்த மூன்றையும் தோலில் விரலோட்டிப் பாருங்கள். தோலில் குறுக்கே ஒரு வெட்டு இருந்தால் அந்தக் கம்பு வில்லுக்கு ஆகாது, எவ்வளவு அழகாக இருந்தாலும்.

நமக்குத்தான் வருடத்தில் இரண்டு மழை. காய வைப்பது எப்படி?

இந்த மாவட்டத்தில் வில் செய்பவருக்கு இதுதான் உண்மையான சவால். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்வதற்குள் வடகிழக்கு, நடுவில் கடல் ஈரம். வில்லுக்கு மரத்தின் ஈரம் பத்து சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. மழைக்காலத்தில் காற்றோட்டமான திண்ணையில் வைத்த கட்டைகூட 15 சதவீதத்துக்குக் கீழ் இறங்காது. ஈர மரத்தில் செய்த வில் உடையாது, ஆனால் இழுத்த வளைவிலேயே நின்றுவிடும், வேகம் போய்விடும்.

தை, மாசியில் வெட்டுங்கள். வெட்டியவுடன் இரண்டாகவோ நான்காகவோ பிளந்துவிடுங்கள், முழுக் கம்பாகக் காய வைத்தால் தானே வெடிக்கும். இரண்டு மூன்று வாரம் குளத்திலோ தொட்டியிலோ ஊறப்போட்டால் மாவுச்சத்து கரைந்து இறங்கும், வண்டு வராது. தண்ணீர் நாறும், அது சரிதான். பிறகு நிழலில், தரையில் படாமல், காற்று நாலு பக்கமும் போக அடுக்குங்கள். நேர் வெயில் கூடாது.

ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். கணவாய்க் காற்று அங்கே காற்றாலைகளை மட்டுமல்ல, பிளாச்சையும் கவனித்துக்கொள்ளும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து ஈரத்தில் அடுக்களைப் பரண்தான் கதி. விறகடுப்புள்ள வீட்டில் அடுப்புக்கு மேலே, புகை படும் உயரத்தில் வைத்தால் காய்ந்தும் வரும், வண்டும் அண்டாது.

காய்ந்துவிட்டதா என்பதைத் தராசு சொல்லும். பிளாச்சை வாரம் ஒருமுறை சமையல் தராசில் நிறுத்து, அதன்மேலேயே பென்சிலால் எடையை எழுதுங்கள். எடை குறைந்துகொண்டே வரும். அடுத்தடுத்த இரண்டு மூன்று வாரம் ஒரே எடை வந்தால், உங்கள் வீட்டுக் காற்றில் அது காயக்கூடிய அளவு காய்ந்துவிட்டது. ஒரு மாதத்திலும் ஆகலாம், மூன்று மாதத்திலும் ஆகலாம்.

எவ்வளவு நீளம், அகலம், தடிமன்?

முதலில் உங்கள் இழுப்பு நீளம் தெரிய வேண்டும். சுவரில் முதுகு ஒட்டி இரு கையையும் பக்கவாட்டில் விரித்து நில்லுங்கள். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளந்து இரண்டரையால் வகுங்கள். 160 செ.மீ. வந்தால் 64 செ.மீ., அதாவது சுமார் 25 அங்குலம்.

வில்லின் நீளம் அதில் இரண்டு மடங்குக்கு மேல் இருக்க வேண்டும், கூடக் கொஞ்சம் தாராளமாக. 25, 26 அங்குலம் இழுப்பவருக்கு 66 அங்குலம் (168 செ.மீ.) வில் சுகமாக இருக்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு 50, 52 அங்குலம் போதும். குட்டை வில் பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் விரலைப் பிடித்து நெரிக்கும், மரத்தையும் வருத்தும். சந்தேகம் வந்தால் நீளத்தைக் கூட்டுங்கள்.

அகலம் நடுவில் 40 மி.மீ. நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் பாதித் தூரம் வரை அதே அகலத்தை வைத்து, பிறகு முனையில் 15 மி.மீ. ஆகும்படி நேர்கோட்டில் குறைத்துக்கொண்டு போங்கள். தடிமன் தொடக்கத்தில் நடுவில் 12, முனைப்பக்கம் 9 மி.மீ. இது தொடக்க அளவுதான், முடிவான அளவை மூங்கில்தான் சொல்லும்.

ஒரு கணக்கை மனதில் வையுங்கள். அகலத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் விறைப்பும் பத்தில் ஒரு பங்குதான் குறையும். தடிமனில் அப்படி இல்லை, அது மும்மடியாக வேலை செய்கிறது. 10 மி.மீ. தடிமனை 9 ஆக்கினால் விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும். 20 பவுண்டாக இருந்த வில் பதினாலரைக்கு இறங்கிவிடும். ஒரே ஒரு மில்லிமீட்டர்! இதனால்தான் கடைசிக் கட்டத்தில் இழைப்புளியைத் தூர வைக்கச் சொல்கிறேன்.

என்னென்ன கருவி வேண்டும்?

வெட்டுக்கத்தி, கைவாள், இழைப்புளி, ஒரு தட்டை அரம், ஒரு சின்ன உருண்டை அரம், உப்புத்தாள். சுரண்டுவதற்கு உடைந்த கண்ணாடித் துண்டு அல்லது பழைய ஹேக்சா பிளேடு. பிளாச்சை மேசையில் பிடித்து நிறுத்த இரண்டு சி-கிளாம்ப். மீன் கடையில் தொங்கவிடும் மாதிரி ஒரு ஸ்பிரிங் தராசு. மின் கருவி எதுவும் வேண்டாம். கிரைண்டர் ஒரு கணத்தில் எடுத்துவிடுவதைத் திரும்ப ஒட்ட முடியாது.

வேலையை எங்கிருந்து தொடங்குவது?

கணுக்களைப் பார்த்து நடுவைத் தீர்மானியுங்கள். பிடிக்கு இரண்டு பக்கமும் கணுக்கள் ஏறத்தாழ ஒரே தூரத்தில் வருவது நல்லது. மூங்கிலின் அடிப்பக்கம் வில்லின் கீழ்ப் பாதியாக வரட்டும், அங்கே சுவர் தடித்திருக்கும்.

உள்பக்கக் கணுத் தட்டுகளை உளியால் தட்டி எடுத்துவிட்டு, வயிற்றைச் சமமாக இழையுங்கள். வெளிப்பக்கக் கணு மேட்டை வெட்ட வேண்டாம், கை கிழிக்காத அளவுக்கு உப்புத்தாளால் தடவினால் போதும். பக்க ஓரங்களின் கூரை உருட்டிவிடுங்கள். முதுகின் தோலில் கத்தி படவே கூடாது.

நாண் மாட்டும் வெட்டுகளை முனையிலிருந்து 2 செ.மீ. தள்ளி, உருண்டை அரத்தால் இரு பக்க ஓரங்களிலும் சாய்வாக ராவுங்கள். 3, 4 மி.மீ. ஆழம் போதும். இதிலும் முதுகைத் தொட வேண்டாம்.

‘வளைவு சரிபார்ப்பது’தான் கஷ்டம் என்கிறார்கள். கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

வில் செய்வது என்றால் இதுதான். முன்னால் சொன்னதெல்லாம் தச்சு வேலை.

இரண்டு பாதியும் ஒரே அளவு வளைய வேண்டும், ஒவ்வொரு பாதிக்குள்ளும் வளைவு ஓரிடத்தில் குவியாமல் பரவ வேண்டும். லாரியின் ஸ்பிரிங் பட்டை பாரம் ஏறும்போது எப்படி முழு நீளத்துக்கும் சேர்ந்து வளைகிறதோ, அப்படி. ஓரிடம் மட்டும் மடங்கினால் வில் அங்கேதான் ஒடியும்.

முதலில் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, பிடியில் கை வைத்து லேசாக அழுத்திப் பாருங்கள். எங்கே விறைத்து நிற்கிறது, எங்கே வளைகிறது என்று கண்ணுக்கே தெரியும். இரண்டு பாதியும் ஓரளவு ஒத்து வந்த பிறகு நீள நாண் ஒன்றைத் தொளதொளவென்று மாட்டுங்கள். சுவரில் ஒரு தாங்கி அடித்து அதில் வில்லின் பிடியை வைத்து, கீழே ஒரு கப்பி வழியாகக் கயிறு விட்டு நாணை இழுங்கள். நீங்கள் எதிரே பத்தடி தள்ளி நின்று வில்லைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கப்பி. சுவரில் கிடைமட்டமாகச் சில கோடுகள் வரைந்துவிட்டால் இரண்டு முனையும் சமமாக இறங்குகிறதா என்பது உடனே தெரியும்.

கண்ணை மட்டும் நம்பாதவர்களுக்கு ஒரு எளிய கருவி. 15 செ.மீ. நீளத்தில் நேரான மரத்துண்டு ஒன்றை எடுத்து, நடுவில் துளையிட்டுப் பென்சிலைச் செருகுங்கள். வில் வளைந்து நிற்கும்போது துண்டை வயிற்றில் வைத்து ஓட்டுங்கள். வயிறு குழிந்து வளையும் இடத்தில் துண்டுக்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளி விழும், பென்சில் தொடாது. விறைப்பான இடத்தில் இடைவெளி இருக்காது, பென்சில் கோடு போடும். கோடு விழுந்த இடம் சுரண்ட வேண்டிய இடம். கோடு விழாத இடத்தில் கை வைக்காதீர்கள்.

சுரண்டும்போது கண்ணாடித் துண்டை நிமிர்த்திப் பிடித்து உங்களை நோக்கி இழுங்கள். தூள் விழக் கூடாது, சுருள் விழ வேண்டும். வெங்காயத் தோலைவிட மெல்லிய சுருள். பத்து இருபது இழுப்பு சுரண்டியதும் நிறுத்திவிட்டு, வில்லை அதுவரை வந்த தூரத்துக்கே இருபது முப்பது முறை இழுத்து விடுங்கள். மரம் நீங்கள் எடுத்ததைப் புரிந்துகொள்ள அந்த நேரம் வேண்டும், உடனே காட்டாது. அதற்குப் பிறகுதான் மறுபடி பார்ப்பது.

ஒரு சட்டம் உண்டு. எடுத்துக்கொண்ட எடையைத் தாண்டி எந்தக் கட்டத்திலும் இழுக்கக் கூடாது. 20 பவுண்ட் வில் என்றால் தராசு 9 கிலோ காட்டியதும் நிறுத்துங்கள், அது 10 அங்குல இழுப்பிலேயே வந்தாலும் சரி. சுரண்டச் சுரண்ட அதே 9 கிலோவுக்கு 12, 15, 20 அங்குலம் என்று தூரம் கூடிக்கொண்டே வரும். உங்கள் இழுப்பு நீளத்தை எட்டும்போது வில் முடிந்தது.

மேல் பாதி கீழ்ப் பாதியைவிட ஒரு நூல் அதிகமாக வளையலாம். நாண் மாட்டிய நிலையில் மேலே 3 முதல் 6 மி.மீ. இடைவெளி கூட இருந்தால் கைக்கு இதமாக இருக்கும்.

எடை தவறிவிட்டால்?

கூடிவிட்டால் வருத்தமில்லை, வளைவு சரியாக இருக்கும்போது எடையை மட்டும் குறைக்கப் பக்க ஓரங்களைக் கொஞ்சம் ஒடுக்குங்கள். மேலே சொன்ன கணக்குப்படி அது மெதுவாகத்தான் குறையும். குறைந்துவிட்டால் இரு முனையிலும் 2 செ.மீ. வெட்டிப் புதிய நாண் வெட்டுப் போடலாம், ஒன்றிரண்டு பவுண்ட் திரும்பக் கிடைக்கும். அல்லது வீட்டில் ஒரு சிறு பிள்ளை இருந்தால் வில் அந்தப் பிள்ளைக்கு.

என்னிடம் இருக்கும் மூங்கில் மெல்லியது, 7 மி.மீ. கூட இல்லை. தூக்கிப் போடவா?

வேண்டாம். முழு நீளப் பிளாச்சு ஒன்று, அதன் வயிற்றில் அதைவிடக் குட்டையாக இன்னொன்று, தேவையானால் அதிலும் குட்டையாக மூன்றாவது என்று அடுக்கி, பருத்திக் கயிற்றால் நாலைந்து இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள். பசை வேண்டாம், அவை ஒன்றன்மேல் ஒன்று நகர வேண்டும். எடையைக் கூட்டக் குறைக்க நடுப் பிளாச்சை மாற்றினால் போதும். பள்ளியில் பல பிள்ளைகளுக்குச் சேர்த்துச் செய்ய வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

வயிற்றைத் தீயில் வாட்டுவது அவசியமா?

நம் ஈரக் காற்றுக்கு நல்லது. சிரட்டைக்கரி கனலாக ஆனபின், ஒரு சாண் உயரத்தில் வயிற்றை மட்டும் காட்டி, இளம் பழுப்பு நிறம் வரும்வரை மெதுவாக நகர்த்துங்கள். முதுகு சூடாகக் கூடாது. வாட்டிய பிறகு நாலைந்து நாள் வில்லைத் தொடாமல் வைத்துவிட்டு, பிறகு இழுங்கள். வாட்டினால் விறைப்பு கொஞ்சம் கூடும், அதனால் வளைவை மீண்டும் பார்க்க வேண்டியிருக்கும்.

நாணுக்கு எது? குளச்சலில் வலைக்கயிறு மலிவாகக் கிடைக்கிறது.

வலைக்கடைக்குப் போங்கள், ஆனால் பார்த்து வாங்குங்கள். நைலான் இழுபடும், தூண்டில் நரம்பு அதைவிட மோசம். வில்லின் வேகத்தை எல்லாம் அது விழுங்கிவிடும். பாலியஸ்டர் நூல் கேளுங்கள், செருப்பு, தோல்பை தைக்கும் கெட்டி பாலியஸ்டர் நூலும் ஆகும். கயிற்றுத் தொழிலில் பேர்பெற்ற ஊர் என்றாலும் தென்னை நார்க் கயிறு நாணுக்கு ஆகாது, சொரசொரப்பு விரலையும் அம்பையும் கெடுக்கும்.

நாண் தாங்கும் பலம் வில்லின் எடையைப் போல் ஐந்து மடங்காவது இருக்கட்டும். 20 பவுண்ட் வில்லுக்கு 100 பவுண்ட். ஒரு நூல் எவ்வளவு தாங்கும் என்பதை அந்த ஸ்பிரிங் தராசிலேயே இழுத்துப் பார்த்து, அத்தனை இழைகளைச் சேர்த்து முறுக்குங்கள். தேன்மெழுகு பூசுங்கள். தேனீ வளர்ப்புக்குப் பேர்போன மார்த்தாண்டம் பக்கத்தில் இருக்க, மெழுகுக்கு அலைய வேண்டியதில்லை. நடுவில் அம்பு கவ்வும் இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய நூலை நெருக்கமாகச் சுற்றுங்கள்.

நாணை மாட்டிய நிலையில் பிடிக்கும் நாணுக்கும் நடுவே 15 செ.மீ. இருக்க வேண்டும். குறைந்தால் நாண் மணிக்கட்டில் அடிக்கும்.

மேலே என்ன பூச? அண்டி ஆபீஸ் எண்ணெய் பூசலாமா?

முந்திரிக் கொட்டையின் தோட்டெண்ணெய் மரத்தைப் பூச்சியிடமிருந்து காக்கும், வள்ளத்துக்குப் பூசுவார்கள் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அது தோலைப் பொத்துவிடும். தொடர்ந்து கையில் பிடிக்கிற பொருளுக்கு, அதுவும் பிள்ளைகள் பிடிக்கிற பொருளுக்கு, வேண்டவே வேண்டாம். தேங்காய் எண்ணெய் காயாது, பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக இரண்டு மூன்று தடவை பூசிக் காயவிடுங்கள், அல்லது வார்னிஷ். பிடியில் பருத்திக் கயிறோ பழைய தோலோ சுற்றுங்கள்.

அம்பும் வீட்டிலேயே செய்யலாமா?

முதல் சில மாதம் வாங்குங்கள். வில் சுமாராக இருந்தாலும் அம்பு நன்றாக இருந்தால் கற்கலாம், மாறினால் முடியாது. லேசான வில்லுக்கு லேசான, கொஞ்சம் வளைந்து கொடுக்கும் அம்பு வேண்டும். நீளம் உங்கள் இழுப்பு நீளத்தைவிட ஓர் அங்குலமாவது கூட இருக்கட்டும், குட்டை அம்பு பிடிக்குப் பின்னால் இழுபட்டுக் கையில் குத்தும். எய்வதற்கு முன் ஒவ்வொரு அம்பையும் லேசாக வளைத்துக் காதருகே வையுங்கள். முறுகும் சத்தம் கேட்டால் அதை ஒடித்துப் போட்டுவிடுங்கள், மற்ற அம்புகளோடு திரும்பக் கலந்துவிடாமல்.

எங்கே எய்வது, எதில் எய்வது?

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு வைக்கோல் இருக்கிறது. கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டு அறுப்பு முடிந்ததும் வாங்கி, பழைய அரிசிச் சாக்கில் மிதித்துத் திணித்து, வெளியே கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். சாக்கில் பழந்துணி அடைத்தாலும் 20 பவுண்ட் அம்பு நிற்கும். தொடக்கத்தில் 5 மீட்டர், போகப்போக 10. அதற்கு மேல் அவசரப்பட வேண்டாம்.

குறிக்குப் பின்னால் மண்மேடோ சுவரோ இருக்க வேண்டும். லேசான வில்தானே என்று நினைக்காதீர்கள், 15 பவுண்ட் அம்பு ஒரு கண்ணை எடுக்கப் போதும். எல்லோரும் ஒரே கோட்டில் நின்று எய்து, எல்லோரும் வில்லைக் கீழே வைத்த பிறகுதான் அம்பு பொறுக்கப் போக வேண்டும்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆனி, ஆடியில் காற்று அம்பைத் தள்ளிக்கொண்டு போகும். அதிகாலையில் எய்யுங்கள்.

விளையில் மயிலும் பன்றியும் தொல்லை. விரட்ட இதைப் பயன்படுத்தலாமா?

கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதோடு 20 பவுண்ட் வில் விலங்கைக் கொல்லாது, காயப்படுத்தி நாள்கணக்கில் துடிக்க வைக்கும். இந்த எண்ணத்தோடு கேட்கிறவர்களுக்கு நான் வில் சொல்லிக் கொடுப்பதில்லை.

என் மகளுக்குப் பதினொரு வயது. நாணை இழுத்துச் சும்மா விட்டு விளையாடுகிறாள். பரவாயில்லையா?

அம்பு இல்லாமல் நாணை விடக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிக் கொடுங்கள். அம்புக்குப் போக வேண்டிய விசை அத்தனையும் மரத்திலேயே அடிக்கும், வில் முனையிலோ நடுவிலோ பிளக்கும். இழுத்தால் மெதுவாகத் திரும்பக் கொண்டு வர வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை வாங்கி இழுத்துப் பார்ப்பதிலும் கவனம், உயரமான பையன் அவளைவிட நாலு அங்குலம் கூட இழுத்துவிடுவான்.

‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்தது. உடையவில்லை. தொடர்ந்து எய்யலாமா?

நிறுத்துங்கள். நாணைக் கழற்றி, வெளிச்சத்தில் முதுகை முழுக்கப் பாருங்கள், பஞ்சு ஒன்றை அதன்மேல் ஓட்டினால் எழும்பிய நார் பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். பிறகு வயிற்றைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். குறுக்கே மெல்லிய கோடுகள் தெரிந்தால் அங்கே மரம் நசுங்கிவிட்டது, அந்த இடம் அதிகமாக வளைகிறது என்று பொருள். அதன் இரு பக்கமும் சுரண்டி வளைவைப் பகிர்ந்து கொடுத்தால், எடை குறைந்தாலும் வில் பிழைக்கலாம்.

முதுகில் சிறு நார் எழும்பியிருந்தால் அதன்கீழ் அரால்டைட் விட்டு, நூலால் நெருக்கமாகச் சுற்றி, ஒரு நாள் கழித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். முதுகில் குறுக்கே வெடிப்பு என்றால் அந்த வில்லை அன்றே இரண்டாக அறுத்துவிடுங்கள். சுவரில் மாட்டி வைத்தால் என்றாவது ஒரு நாள் யாராவது எடுத்து இழுப்பார்கள்.

மழைக்காலத்தில் எப்படி வைப்பது?

எய்து முடித்ததும் நாணைக் கழற்றுங்கள், தேநீர் குடிக்கப் போகிற அரை மணி நேரத்துக்குக்கூட. நட்டமாகச் சுவரில் சாய்த்து வைக்காமல் இரண்டு ஆணியில் கிடையாக வையுங்கள். அடுப்புக்கு நேர் மேலேயும் வேண்டாம், வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் வேண்டாம். கழற்றியபின் ஓர் அங்குலம் வளைந்தே நிற்கிறது என்றால் அது இயல்பு. தொடர் மழை நாட்களில் எய்யாமல் இருப்பதே மேல். நனைந்துவிட்டால் துடைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்து, தராசில் பழைய எடைக்குத் திரும்பிவிட்டதா என்று பார்த்த பிறகு நாணை மாட்டுங்கள்.